விளம்பி வருஷம் எது என்று யார் சொல்வார்?

பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றின் முகப்புப் பக்கம் கணினித் திரையில் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூலின் பெயர், ஆசிரியரின் ஊர், அவருக்குப் பாடம் சொன்னவர் பெயர், பொருளுதவி செய்த பிரபுவின் பெயர், அச்சுக்கூடம், அது இருந்த தெரு எல்லாம் உண்டு. கடைசி வரியில் ‘விளம்பி வருஷம் ஆவணி மாதம்’ என்று முடிகிறது. ஆங்கில ஆண்டு இல்லை. மின்னூலகத்தின் பதிவுப் படிவமோ ‘வெளியான ஆண்டு’ என்ற கட்டத்தில் நான்கு இலக்கம் கேட்கிறது. விளம்பி 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருவது. 1838இல் வந்தது, 1898இல் வந்தது, 1958இலும் வந்தது.

விவரம் தெரிந்தவர் புத்தகத்தைப் புரட்டுவார். விலை அணாவில் இருக்கிறதா, நயா பைசாவிலா என்று பார்ப்பார். நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரலில். பக்க எண்கள் தமிழ் எண்களா, தாள் எப்படிப் பழுத்திருக்கிறது, அதே அச்சுக்கூடத்தின் மற்ற நூல்கள் எந்தக் காலத்தவை என்று ஒப்பிடுவார். சற்று நேரத்தில் ஆண்டைச் சொல்லிவிடுவார். விவரம் தெரியாதவர் ஸ்கேன் செய்த ஆண்டையே கட்டத்தில் போட்டுவிட்டு அடுத்த புத்தகத்தை எடுப்பார். அதன் பிறகு 19ஆம் நூற்றாண்டு நூல்களைத் தேடும் எவர் கண்ணிலும் அந்தப் புத்தகம் படாது. படம் சர்வரில் பத்திரமாக இருக்கும், புத்தகம் தொலைந்துபோயிருக்கும்.

மின்னூலகரின் வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் மின்னூலகம் என்று பேச்செடுத்தால் ஸ்கேனர் எத்தனை, பக்கம் எத்தனை லட்சம், சர்வர் எங்கே என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கருவி வாங்கினால் திறப்பு விழா வைக்கலாம், படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கலாம். ஒரு ஆளுக்கு இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்ததற்கு ரிப்பன் வெட்ட முடியாது.

பயிற்சி பெற்ற ஆட்களைப் பின்னுக்குத் தள்ளி, எண்ணிக்கையை முன்னால் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ராஜ் ரெட்டி முன்னெடுத்த பத்து லட்சம் நூல் திட்டத்தோடு இணைந்து, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தை மையமாகக் கொண்டு, 2000களின் தொடக்கத்தில் ‘டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா’ உருவானது. பல மொழிகளில் லட்சக்கணக்கான நூல்கள் ஏறின, தமிழ் நூல்களும் ஏராளம். அந்தத் திட்டத்தை இளக்காரமாகப் பேசக் கூடாது. அது இல்லாவிட்டால் பல நூல்களுக்கு இன்று ஒரு மின்படிகூட இருந்திருக்காது. ஆனால் பதிவுகளைப் பார்த்தால் வயிறெரியும். தமிழ்த் தலைப்புகள் ஆங்கில எழுத்தில், தட்டச்சு செய்தவரின் காதில் விழுந்தபடி. ஒரே ஆசிரியருக்கு ஏழெட்டு எழுத்துக்கூட்டல். விடுபட்ட பக்கங்கள், கோணலாக விழுந்த பக்கங்கள். பின்னாளில் காப்புரிமைச் சிக்கல்களால் அந்தத் தளமே முடங்கியது. இன்று அந்த நூல்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைப்பதால் பிழைத்தோம். அங்கே தேடித் தேடி ஒரு நூலைக் கண்டுபிடிக்கும் ஆய்வாளர் முதல் வேலையாக ‘டிஎல்ஐ 2015’ என்று வரும் அதன் அடையாள எண்ணைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. பெயரைப் போட்டு மறுபடி தேடினால் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இத்தனைக்கும் நூலகப் பயிற்சியில் சென்னை முன்னோடி நகரம்.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றவர், தனிமை தாங்காமல் மாநிலக் கல்லூரி வகுப்பறைக்கே திரும்பிவிடத் துடித்தார். முதலில் லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். அங்கே யுனிவர்சிட்டி கல்லூரியில் பாடம் கேட்டார். ஆனால் அவரை நூலகராக மாற்றியதில் வகுப்பறையைவிடப் பெரிய பங்கு, பெர்விக் சேயர்ஸ் தலைமை நூலகராக இருந்த குராய்டன் பொது நூலகத்துக்கும், ஊர் ஊராகப் போய் அவர் பார்த்த மற்ற நூலகங்களுக்கும் உண்டு. புத்தகம் எப்படி வருகிறது, எங்கே அடுக்கப்படுகிறது, சாதாரண வாசகர் எந்த அலமாரியின் முன் திகைத்து நிற்கிறார் என்பதை நேரில் பார்த்தார். 1925இல் ஊர் திரும்பியவர் திரும்பவும் கணிதப் பக்கம் போகவில்லை.

சென்னை நூலகச் சங்கம் 1928இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே நூலகர்களுக்கான கோடைகாலப் பயிற்சிப் பள்ளி. 1931இல் அதைப் பல்கலைக்கழகமே எடுத்துக்கொண்டது. இந்தியப் பொருள்கள் மேற்கத்தியப் பகுப்பு முறைகளில் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பதைக் கண்ட ரங்கநாதன், 1933இல் தம்முடைய கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்ததற்கும் அவருடைய விடாமுயற்சி காரணம். கடன் வாங்கிய கருவியைக் கையிலிருக்கும் நூல்களோடு மோதவிட்டு, பொருந்தாத இடத்தில் புதுக் கருவி செய்தார் என்பதே அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். அவர் பிறந்தநாள் கணக்கில் ஆகஸ்ட் 12 ஆண்டுதோறும் நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. மாலை, உரை, தேநீர் எல்லாம் குறைவில்லாமல் நடக்கின்றன.

அப்படிப்பட்ட மரபு உள்ள மொழியில் மின்னூலகங்களைக் கட்டியவர்கள் யார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை வழிநடத்தியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம். சங்க இலக்கியம் முதல் பாரதி வரை உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் கொடுத்தார்கள். ஈழத்து எழுத்துகளைச் சேர்க்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் இளைஞர்களின் தன்னார்வ உழைப்பில் வளர்ந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000 என்பார்கள். அந்த இழப்பின் நினைவு அந்தத் திட்டத்தின் பின்னால் இருக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்களைப் பக்கம் பக்கமாகத் திருத்துபவர்களும் அவரவர் வேலை முடித்து வந்து உட்காருபவர்கள்தாம். இன்னும் பின்னோக்கிப் போனால் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் கலைஞர். அவர் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் அழைப்பிதழ்களும் லட்சத்தைத் தொடும். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் திரட்டை வாங்கி, கடல் கடத்திப் போகாமல், சென்னையிலேயே 1994இல் ஆராய்ச்சி நூலகமாக்கியது.

வேதியியலாளரும் பலகை ஓவியரும் பொறியாளர்களும் செய்த வேலையில் நூலகவியல் துறைகளுக்கு இருந்திருக்க வேண்டிய பங்கு எங்கே? தனிப்பட்ட நூலகர்கள் பலர் உதவியிருக்கிறார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு பல்கலைக்கழகத் துறை, தன் மாணவர்களை ஆண்டுதோறும் இத்தகைய திட்டமொன்றில் இறக்கி, கூடவே ஆசிரியரையும் உட்காரவைத்து, அதற்கு மதிப்பெண்ணும் கொடுத்தால், அது துறைக்கும் திட்டத்துக்கும் எத்தனை லாபம்! அப்படியொரு பழக்கம் இங்கே வேரூன்றவில்லை.

முதுகலை நூலகவியலில் மின்னூலகம் பற்றிய தாள் இல்லாமல் இல்லை. டிஸ்பேஸ், கிரீன்ஸ்டோன், கோஹா என்று மென்பொருள்களின் பெயர்கள் இருக்கின்றன. நூல் விவரங்களைப் பதிவதற்கான டப்ளின் கோர் என்ற தரமுறையின் 15 கூறுகளை எழுதச் சொல்லும் வகைக் கேள்வியும் உண்டு. (அயர்லாந்தின் டப்ளின் என்று நினைத்துக்கொள்பவர்கள் பலர், 1995இல் கூட்டம் நடந்தது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டப்ளினில்.) பதினைந்தையும் வரிசை தவறாமல் எழுதும் மாணவரிடம், ‘திருவாவடுதுறை ஆதீன வித்துவான்’ என்று தொடங்கும் ஒரு முகப்புப் பக்கத்தைக் கொடுத்து, இதில் ஆசிரியர் யார், பதிப்பாசிரியர் யார், உரைகாரர் யார், எந்தக் கூற்றில் யாரைப் போடுவது என்று கேட்டால் திணறுவார். அது அவர் குற்றம் அன்று. அவர் கையில் அப்படியொரு பக்கத்தை யாரும் கொடுத்ததில்லை.

பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒரு பருவத்துக்குப் பாடம் இருக்கிறது. உ.வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாத அய்யர் மூவரும் ஒருவரே என்று மனிதருக்குத் தெரியும், எந்திரத்துக்கு யாராவது சொல்ல வேண்டும். புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவர். கல்கி என்பது ரா. கிருஷ்ணமூர்த்தியின் பெயர், அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயரும் அதுவே. சுஜாதா என்ற பெயரை வைத்து எழுதியவர் எஸ். ரங்கராஜன் என்பதை அறியாத பதிவாளர் ‘பெண் எழுத்தாளர்கள்’ என்ற தலைப்பின் கீழ் அவரைக் கொண்டுபோய் வைக்கலாம். குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் பிறகு என்ற மேற்கத்திய விதி, ஊரும் தந்தை பெயரும் முதலெழுத்தாக நிற்கும் தமிழ்ப் பெயரில் என்ன செய்யும்? ஒருவருடைய எல்லாப் பெயர் வடிவங்களையும் ஓரிடத்தில் கட்டிவைக்கும் பெயர்க்கோப்பு இல்லாத மின்னூலகத்தில் தேடுவது வாசகரின் பொறுமைக்கு வைக்கும் சோதனை.

பதிப்புகள் இன்னொரு காடு. திருக்குறள் முதன்முதலில் அச்சேறியது 1812இல். அதற்குப் பிறகு மூலம் மட்டும், பரிமேலழகர் உரையோடு, மணக்குடவர் உரையோடு, புத்துரையோடு, மொழிபெயர்ப்போடு என்று வந்தவற்றுக்கு அளவில்லை. தேடுபெட்டியில் ‘திருக்குறள்’ என்று இட்டால் வந்து கொட்டும் பட்டியலில், 1900க்கு முந்தைய பரிமேலழகர் உரைப் பதிப்பைப் பிரித்தெடுக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. முடியும் என்றால், அங்கே யாரோ ஒருவர் ஒவ்வொரு பிரதியையும் திறந்து பார்த்து எழுதியிருக்கிறார் என்று பொருள். ஆண்டுக் கணக்கும் அப்படித்தான். கொல்லம் ஆண்டுக்கு 825ஐயும் சக ஆண்டுக்கு 78ஐயும் கூட்ட வேண்டும். திருவள்ளுவர் ஆண்டில் 31ஐக் கழிக்க வேண்டும். பழைய வாத்தியார்கள் மனக்கணக்காகச் சொல்லிவிடுவார்கள்.

இவையெல்லாம் பழைய படிப்பு, எந்திர அறிவு வேறு என்று நினைப்பவர்களுக்கு மதுரைத் திட்டத்தின் கதையைச் சொல்லலாம். ஒரு காலத்தில் அதன் கோப்புகள் டிஸ்கி என்ற குறியீட்டில் இருந்தன. எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அதில் பதிவாகும். ‘கெ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ‘க’. யூனிகோடில் முதலில் ‘க’, பிறகுதான் கொம்பு. ஆகவே குறியீடு மாற்றும்போது வரிசையையும் மாற்ற வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியீடுகள் வந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் ஏற்றது. இதற்கிடையில் பதிப்பகங்கள் பாமினி, ஸ்ரீலிபி என்று கையில் கிடைத்த எழுத்துருவில் பேஜ்மேக்கர் கோப்புகளாகப் புத்தகங்களை அடித்துக் குவித்தன. 1990களின் தமிழ் எழுத்தில் ஒரு பகுதி இன்றும் அந்தக் கோப்புகளில், திறக்க மென்பொருள் இல்லாத குறுந்தகடுகளில் கிடக்கிறது. ஓலைச்சுவடியைப் படிக்க ஆள் இருக்கிறார்கள். அந்தக் குறுந்தகட்டைப் படிக்க ஆள் தேட வேண்டும்.

யூனிகோடு வந்த பிறகும் பிரச்சினை ஓயவில்லை. ‘கொ’ என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஒழுங்குபடுத்தாத தேடுபொறிக்கு இரண்டும் வேறு. ‘ஸ்ரீ’ என்பதற்கும் இரண்டு வழிகள் உண்டு. தமிழ் எண் ஒன்றும் ‘க’ என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்றேதான். ‘ஔவையார்’ என்று தேடுபவருக்கு, யாரோ ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து அடித்துவைத்த ‘ஒளவையார்’ அகப்படமாட்டார். இந்த நுணுக்கங்களைக் கணினித் துறையிலும் எல்லோரும் சொல்லிக்கொடுப்பதில்லை, நூலகத் துறையிலும் சொல்லிக்கொடுப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே நிற்பவர்தான் மின்னூலகர்.

பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் இப்போது வெகுவாக முன்னேறிவிட்டது, செயற்கை நுண்ணறிவே பட்டியலும் போட்டுவிடும், ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அச்சுத் தெளிவாக உள்ள அண்மைக்கால நூலில் எந்திரம் நன்றாகவே படிக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘ணை’, ‘லை’, ‘னை’ வடிவங்கள், நடுநடுவே கிரந்தம், மங்கிய மை, பூச்சி அரித்த ஓரம் என்று வரும்போது தடுமாறுகிறது. தடுமாறும்போது சும்மா இருப்பதும் இல்லை, இல்லாத சொல்லை இருப்பதுபோல எழுதிவைக்கிறது. பிழையைக் கண்டுபிடிக்க, சரி எது என்று தெரிந்த ஒருவர் வேண்டுமே. விக்கிமூலத்தில் இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இரண்டாவது ஆள் சரிபார்த்தது பச்சை. நூலகவியல் முதலாண்டு மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடைக்காது. ஒரு பருவத்தில் ஒரு நூலைச் சிவப்பிலிருந்து பச்சைக்குக் கொண்டுவந்தால் போதும், பத்து வகுப்புகளில் சொல்ல முடியாதது புரிந்துவிடும். செலவும் இல்லை.

சட்டம் தெரியாத மின்னூலகர் ஒன்று பயந்து எதையும் வெளியிடமாட்டார், அல்லது துணிந்து எல்லாவற்றையும் வெளியிட்டு மாட்டிக்கொள்வார். இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு காப்புரிமை. இலங்கையில் 70 ஆண்டு. 1960இல் மறைந்த ஒருவரின் நூல் இந்தியாவில் 2021 முதல் பொதுவுடைமை, கொழும்பில் இன்னும் இல்லை. தமிழ்நாடு அரசு நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. ஆனால் அந்த நூலுக்கு வேறொருவர் எழுதிய முன்னுரைக்கும் அட்டை ஓவியத்துக்கும் அது பொருந்துமா என்று கேட்டுப் பார்த்தால் பலரும் விழிப்பார்கள். 2012 திருத்தத்தில் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் சேர்த்த ஒரு விலக்கு, இலாப நோக்கில்லாத பொது நூலகம் தன்னிடம் அச்சுப் பிரதியாக உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துவைக்க வழி விடுகிறது. பயன்படுத்த வேண்டியவர்களில் எத்தனை பேர் காதுக்கு இது எட்டியிருக்கும்? பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதல் நாடாக ஏற்புறுதி செய்தது இந்தியா. வெறும் படமாக ஏற்றிவைத்த தமிழ் பிடிஎஃபைத் திரைவாசிப்பான் படிக்காது என்பதையும் சேர்த்தே இதைச் சொல்ல வேண்டும்.

சட்டம் அனுமதித்தாலும் யோசிக்க வேண்டியவை இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் உறவினர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரைக் ‘கல்வெட்டு’ என்பார்கள். வம்சாவளி, ஊர்க்கதை, சில சமயம் தேவாரம், சில சமயம் ஊர்க் கோயில் வரலாறு என்று அதில் எல்லாம் இருக்கும். சமூக வரலாற்றுக்கு அது தங்கச் சுரங்கம், நூலகம் திட்டம் அத்தகைய மலர்களையும் சேர்ப்பது மிகச் சரியான முடிவு. அதே மலரில் உயிரோடு இருக்கும் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்களும் வசிக்கும் நாடுகளும் இருக்கும். போர் கண்ட சமூகத்தில் அதை எந்த அளவுக்குத் தேடலுக்குத் திறப்பது என்று முடிவெடுக்க மென்பொருள் கையேடு உதவாது. உள்ளூர் மனிதர்களோடு பேசிப் பழகிய நூலகரால்தான் அந்த முடிவை எடுக்க முடியும்.

ஸ்கேன் செய்யும் மேசையருகிலும் இதே கதைதான். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிய ஒப்பந்த வேலையில், வேகம்தான் வருமானம். பழைய இதழின் சோப்பு, லேகியம், கிராமபோன் விளம்பரங்கள் ‘தேவையில்லாத பக்கங்கள்’ ஆகிவிடுகின்றன. அந்தக் காலத்து நடுத்தர வர்க்கம் எதை வாங்கியது, எதற்கு ஆசைப்பட்டது என்று எழுத நினைக்கும் வரலாற்றாய்வாளருக்குக் கதையைவிட அந்தப் பக்கம்தான் முக்கியம். அட்டையையும் விளம்பரத்தையும் கழற்றிவிட்டு பைண்டிங் செய்யும் பழைய வழக்கத்தால் ஏற்கெனவே இழந்தது போதாதா? ‘முன் அட்டையிலிருந்து பின் அட்டைவரை, வெற்றுப் பக்கம் உட்பட’ என்ற ஒற்றை வரியை ஒப்பந்தத்தில் எழுதவைக்க அங்கே ஒரு நூலகர் இருக்க வேண்டும்.

சேமிப்புக் கணக்கையும் அவரே போட வேண்டும். டெமி அளவு நூலின் ஒரு பக்கத்தை 400 டிபிஐ தரத்தில் வண்ணத்தில் சுருக்காமல் எடுத்தால் 22 மெகாபைட் வரும். 300 பக்க நூல் ஆறரை ஜிபியைத் தாண்டும். ஆயிரம் நூல்கள் என்றால் ஆறரை டெராபைட்டுக்கு மேல், அதுவும் ஒரு பிரதிக்கு. வேறு வேறு இடங்களில் குறைந்தது மூன்று பிரதி வைக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் எடுத்து, சில மாதத்துக்கு ஒருமுறை ஒத்துப்பார்த்து, கெட்டுப்போனதை நல்ல பிரதியிலிருந்து மீட்க வேண்டும். ‘ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது சார்’ என்பது பாதுகாப்பு ஆகாது.

பெரிய நூலகங்களுக்கும் அடி விழுந்திருக்கிறது. 2023 அக்டோபரில் ரைசிடா என்ற கும்பல் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை முடக்கியது. பணயத்தொகை கொடுக்க நூலகம் மறுத்தது, திருடிய சுமார் 600 ஜிபி தரவை அவர்கள் வெளியே கொட்டினார்கள். நூற்பட்டியலைப் பார்க்கும் வசதிகூட 2024 ஜனவரியில்தான், அதுவும் அரைகுறையாக, திரும்பி வந்தது. பழைய கணினி அமைப்புகள் பல ஒட்டுப்போட்டபடி ஓடிக்கொண்டிருந்ததால் மீள்வது கடினமாயிற்று என்று அந்த நூலகமே 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் ஒளிவுமறைவின்றிச் சொன்னது. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ புகைப்படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் மின்னாக்கியது அதே நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடுதான் என்பதால் அது நமக்கு அந்நியமான செய்தி இல்லை. அந்த அறிக்கை எல்லா நூலகவியல் வகுப்புகளிலும் பாடமாக வேண்டியது. தோற்ற கதையை இத்தனை வெளிப்படையாக எழுதும் வழக்கம் நம் நிறுவனங்களுக்கும் வந்தால் நல்லது.

மின்னூலகருக்கென்றே தனிப் படிப்பு உலகில் இல்லாமல் இல்லை. ஒஸ்லோ, தாலின், பார்மா ஆகிய மூன்று நகரக் கல்வி நிறுவனங்கள் சேர்ந்து 2007இல் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு ஒன்றைத் தொடங்கின. ஐரோப்பிய ஒன்றிய உதவித்தொகையில் ஆசிய, ஆப்பிரிக்க மாணவர்களும் அங்கே போய்ப் படித்தார்கள். பாதுகாப்பு, தகவல் மேலாண்மை, பயனர் ஆய்வு எல்லாம் அங்கே கற்கலாம். விளம்பி வருஷத்தை யாரும் கற்றுத்தர மாட்டார்கள். அது இங்கேதான் நடக்க வேண்டும்.

நடப்பதற்கான இடங்கள் இங்கே நிறைய. ரோஜா முத்தையா நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தஞ்சை சரசுவதி மகால், சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், 2017 முதல் தமிழ் மின்னூலகத்தை நடத்தும் தமிழ் இணையக் கல்விக்கழகம். மருத்துவ மாணவருக்கு மருத்துவமனை எப்படியோ அப்படி இந்த இடங்கள் நூலகவியல் மாணவருக்கு ஆக வேண்டும். இரண்டாண்டுப் படிப்பில் ஒரு முழு ஆண்டை அங்கே கழிக்கலாம். ஒரு வார ‘கல்விச் சுற்றுலா’வும் வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்தும் எதற்கும் ஆகாது. தேர்வு இப்படி இருக்கலாம்: தனியார் வீட்டிலிருந்து வந்த, வகை பிரிக்காத ஒரு பெட்டி. புத்தகம், கடிதம், திருமணப் பத்திரிகை, கணக்கு நோட்டு எல்லாம் கலந்திருக்கும். மூன்று மாத அவகாசம். ஒவ்வொன்றுக்கும் பதிவு, எதை வெளியிடலாம் எதைக் கூடாது என்ற குறிப்பு, கோப்புகளின் சரிபார்ப்புப் பட்டியல். மதிப்பிட வருபவர் மாணவரிடம் ஒரு கேள்வியும் கேட்க வேண்டாம். மாணவர் உருவாக்கிய தளத்தில் ஐந்து பொருள்களைத் தேடிப் பார்த்துக் கிடைத்ததா இல்லையா என்று எழுதினால் போதும்.

இதற்கு ஆசிரியர்கள் வேண்டும். சுவடி தெரிந்தவருக்கு யூனிகோடு தெரியாது, யூனிகோடு தெரிந்தவருக்கு சுவடி தெரியாது என்ற நிலையில் ஒரே ஆளைத் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. இருவரையும் ஒரே வகுப்பில் நிறுத்தலாம். முனைவர் பட்டம் இல்லாத ஒரே காரணத்தால் தமிழ் மின்னாக்கத்தில் பதினைந்து, இருபது ஆண்டு அனுபவம் உள்ள தன்னார்வலரைப் பல்கலைக்கழகம் வாசலிலேயே நிறுத்திவைப்பது வீண் பிடிவாதம்.

படித்து முடித்தவருக்கு வேலை? மின்னாக்கத்துக்கு நிதி ஒதுக்கும்போதே பட்டியலிடுவதற்கும் பராமரிப்பதற்கும் அதில் ஒரு பங்கைத் தனியாகப் பிரித்து எழுதிவிடலாம். எத்தனை பக்கம் என்று கணக்குக் கேட்கும் அதிகாரி, எத்தனை முழுமையான பதிவு என்றும் கேட்கலாம். ஒவ்வொரு பதிவின் கீழும் அதை எழுதியவர் பெயர் இருக்கட்டும். தவறென்றால் திருத்தச் சொல்ல ஒரு ஆள் கிடைப்பார், சரியென்றால் அவருக்கும் அது தொழில்வாழ்க்கையில் காட்டக்கூடிய வேலையாகும். ஊதியம் பக்கக் கணக்கில் இல்லாமல் மாதக் கணக்கில் இருக்க வேண்டும். பத்து நிமிடம் செலவழித்து அணாவா நயா பைசாவா என்று பார்ப்பவரின் கூலி அதனால் குறையக் கூடாது. தமிழ்நாட்டில் வீட்டு வரியோடு நூலக வரியும் மக்கள் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் கட்டடத்துக்கும் புத்தகத்துக்கும் போவதுபோல, மாவட்டத்துக்கு ஒரு மின்னூலகர் என்று தொடங்கினால்கூட 38 பணியிடங்கள் ஆகின்றன.